முந்நூறு இலை

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

தேர்த்திருவிழா அன்று தலையெண்ணிய அதிகாரி, வெளியூர்க் கூட்டத்தையும் சேர்த்து, ஊரில் முந்நூறு பேர் என்று ஓலையில் எழுதிவிட்டார். பத்துத் தலைக்கு ஓர் ஆள் கோட்டை வேலைக்குப் போகணும். விடிந்தால் முப்பது பேரைக் கொண்டுபோவார்கள்.

"ஊரே நூறு பேருதாங்க. முப்பது பேர் போனா விதைக்கிறது யாரு?" என்றாள் சமையற்காரி வடிவாம்பா.

"எழுதினது எழுதினதுதான். போய்ச் சோறு போடுடி!"

ராத்திரி ஊர்ப்பந்திக்கு வடிவாம்பா முந்நூறு இலை விரித்தாள். அதிகாரியோடு ஊரே உட்கார்ந்தும் இருநூறு இலை காலி. பந்தி நிறையாமல் பரிமாறும் வழக்கம் அங்கே கிடையாது.

"பசிக்குது, பரிமாறு!"

"உங்க முந்நூறுல இன்னும் இருநூறு பேர் வரலைங்களே!"

அதிகாரியோடு வந்த சேவகர்கள் வாளில் கை வைத்தார்கள். அதிகாரி ஆவி பறக்கும் சோற்றையே பார்த்தார். ஓலையை வாங்கி, நூறு என்று திருத்தினார்.

வடிவாம்பா இருநூறு இலையையும் சுருட்டி எடுத்துவிட்டு, அவர் இலையில் முதல் அகப்பைச் சோற்றை வைத்தாள்.