வச்சிருப்பவர் ஒருவர்

"எம் மக பாட்டை வச்சிருக்கிற அந்தப் புண்ணியவான் யாரும்மா?"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் சந்தனராஜ். நாற்பது வருஷம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அடித்த மனுஷர்.

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் குர்ஷித் அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவள். ஆனாலும் இணையத்தில் பாட்டுப் போடுகிற அத்தனை பேருக்கும் அவள்தான் வாத்தியாரம்மா. அவர் மகள் மெர்சிலினும் அவளிடம்தான் கற்றாள்.

அவர்கள் பாட்டுப் போடுகிற வலையில் கம்பெனி கிடையாது, கிடங்கு கிடையாது. யார் கேட்கிறார்களோ அவர்கள் கம்ப்யூட்டரிலேயே பாட்டு தங்கிவிடும். அடுத்து கேட்பவருக்கு அங்கிருந்துதான் போகும். இவ்வளவுதான் சங்கதி.

சந்தனராஜ் செல்போனை நீட்டினார். மெர்சிலின் பாட்டுக்குக் கீழே 'வச்சிருப்பவர்: ஒருவர்' என்றிருந்தது.

"அவ போய்ச் சேர்ந்து ஏழு மாசம். தினமும் பாக்குறேன். அந்த ஒருத்தர் மட்டும் விடாம வச்சிருக்காரு. எந்த ஊரா இருந்தாலும் போய்க் கையெடுத்துக் கும்பிடணும்."

"நீங்க கேட்டீங்களாண்ணே?"

"எங்க... உசுரோட இருந்தப்ப கூப்பிட்டா. 'டிரம்ஸே இல்லாம இதெல்லாம் ஒரு பாட்டா'ன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். இப்ப கேக்கத் தெம்பில்ல."

குர்ஷித் செல்போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போங்கண்ணே. மெயின் சுவிட்சை அணைச்சிட்டு எனக்குப் போன் போடுங்க."

"இதென்னம்மா கூத்து!"

"போங்கண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே போனார். வாத்தியாரம்மா சொன்னால் தட்ட முடியுமா? அணைத்தார்.

வீடு கப்சிப் என்றானது. பூட்டிக் கிடந்த மகள் அறையிலிருந்து வரும் உர்ர் சத்தமும் நின்றது. அவள் கம்ப்யூட்டரை அணைக்க மனசு வராமல் இத்தனை நாள் அப்படியே விட்டிருந்தார்.

செல்போனைப் பார்த்தார். 'வச்சிருப்பவர்: யாருமில்லை.'

"ஐயோ, ஆண்டவரே!"

பதறிப்போய் சுவிட்சைப் போட்டார். கரண்ட் வந்ததும் தானே ஓடும்படி மகள் வைத்திருந்தாள். உர்ர் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'ஒருவர்'.

அறை வாசலிலேயே உட்கார்ந்து போன் போட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவ மெஷின்தானாம்மா? இம்மாம் பெரிய உலகத்துல ஒரு ஆள்கூட எம்புள்ள பாட்டைக் கேக்கலையா? அவளுக்குச் சொல்லிக்குடுத்த நீகூடவா கேக்கல?"

"கேக்கலண்ணே."

"ஏம்மா?"

"'எங்கப்பா முதல்ல கேக்கட்டும்க்கா, அப்புறம் நீங்க கேளுங்க'ன்னு சொல்லியிருந்தா."