டிரைவர் கட்டுற வாட்ச்

தூத்துக்குடி உப்பள முதலாளி தர்மக்கண்ணுக்குக் கடல் தண்ணீரில் முழங்கால் நனைந்தாலே மூச்சு முட்டும். ஆனாலும் கடலுக்கடியில் முங்குகிறவர்கள் கட்டும் வாட்ச்தான் வேண்டுமென்று கடைக்கு வந்துவிட்டார். அவருடைய மைத்துனர் ஜெயக்கொடி அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் கையை ஆட்டித் திரிந்தாரே, அதுதான் காரணம்.

கடையில் அதே மாதிரி இரண்டு இருந்தன. அளவுதான் வேறு. மைத்துனர் கட்டியிருந்ததைப் போன்ற பெரிய வாட்ச் முதலாளியின் ஒல்லிக் கையில் வளையல் போல முழங்கைக்கு ஓடியது. சின்னது கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் மைத்துனருடையதைவிடச் சின்னதாகப் போய்விடுமே.

முதலாளி டிரைவர் வேம்புவைப் பிடித்துக்கொண்டார். "ஏல, சின்னதைக் கட்டிட்டுப் போயி நாளைக்குக் கல்யாண வீட்டுல மச்சான் மூக்கை உடைக்கணும். வழி சொல்லு. இல்லன்னா கார் சாவியை வச்சிட்டுக் கெளம்பு."

வேம்பு தலையைச் சொறிந்தான். "சின்னது உங்களுக்கு மொதலாளி. பெருசை எனக்கு வாங்கிக் குடுங்க. அது டிரைவர் கட்டுற வாட்சுன்னு ஆயிரும்லா."

மறுநாள் மண்டப வாசலில் வேம்பு கார்க் கதவைத் திறந்து பிடித்தான். ஜெயக்கொடி அவன் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பந்தியில் இடது கையை இலைக்கு மேலே கொண்டுவரவே இல்லை. விக்கல் எடுத்தும் டம்ளரைத் தொடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் முதலாளி சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கையை நீட்டினார். "சரி, வாட்சைக் கழட்டு. என் மவனுக்கு ஆவும்."

"தாரேன் மொதலாளி. டிரைவர் கழட்டிக் குடுத்ததைத் தம்பி கட்டியிருக்காவன்னு உங்க மச்சான் ஊரெல்லாம் சொல்லுவாரு, பரவால்லையா?"

முதலாளி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுல."