கெமே தாண்டின உலக்கை

ஏட்டி செம்பா, இப்ப எதத் தாண்டிக்கிட்டு வந்த? உலக்கையத்தானே? நான் பாக்கலைன்னு நெனச்சியாக்கும். கண்ணு மங்கினாலும் இதெல்லாம் எனக்குத் தெரியும். வா, இங்க உக்காரு. ஏலே, நீயும் வா, அவ போர்வையப் பிடிச்சு இழுக்காத. இன்னைக்கு நரிக் கதையும் கிடையாது, ராசாக் கதையும் கிடையாது, உலக்கைக் கதைதான். நடுவுல அழுதா நிறுத்திப்புடுவேன், ஆமா.

ஒரு காலத்துல, கடலுக்கு அந்தாண்ட, சுமேருன்னு ஒரு தேசம் இருந்துச்சாம். கடையில பேரீச்சம்பழம் வாங்குதோம்லா, அது காய்க்குத பக்கம். ரெண்டு பெரிய ஆறு, நடுவுல ஊரு. கல்லு கிடையாது, எல்லாம் மண்ணு. வீடும் மண்ணு, கோயிலும் மண்ணு, சாமியும் மண்ணு. அந்த ஊர்ல லூபாத்துன்னு ஒரு பெரிய மனுசன் இருந்தான். பேரக் கேட்டுச் சிரிக்காத, அவன் பண்ணினது ஒண்ணும் சிரிக்கிற மாதிரி இல்ல.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஒரு ஆள அடிமையா வித்தா, தரையில குறுக்க ஒரு உலக்கையப் போட்டு, அதத் தாண்ட வைப்பாங்க. தாண்டியாச்சா, அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் போச்சு, இனிமே நீ இந்தப் பக்கத்து ஆளு. அப்படித் தாண்டி லூபாத்து வீட்டுக்கு வந்தவதான் கெமே. புருசன் செத்துப்போனான், கஞ்சிக்கு வழியில்ல, கையில ஒரு பொட்டப்புள்ள, நினின்னு பேரு. வீட்டுக்குப் பின்னாடி ஒரு களம், அங்க வாற்கோதுமை குத்துறதுதான் கெமேக்கு வேலை. விடிஞ்சா குத்துவா, மத்தியானம் குத்துவா, பொழுது சாய்ஞ்சும் குத்துவா.

லூபாத்துக்கு எல்லாம் இருந்துச்சு, வலி தாங்குற மனசு மட்டும் இல்ல. பல்லு வலிச்சா ஊரக் கூட்டுவான். கால்ல முள்ளு குத்தினா படுத்துக்கிடுவான். ஒருநாளு அவன் கோயில் கிழவிகிட்டப் போய், "எனக்கு வலியே வரக்கூடாது, அதுக்கு ஒரு வழி சொல்லு"ன்னான். அந்தக் கிழவி கோயில் அறையில இருந்து ஒரு உலக்கைய எடுத்துட்டு வந்தா. கறுப்பு மரம், ரெண்டு பக்கமும் செம்புப் பூண். சாமிங்க மனுசன மண்ணுல பிசைஞ்ச காலத்து உலக்கையாம் அது.

கிழவி சொன்னா, "இத வாசல்ல குறுக்க போடு. நீ உள்ள நில்லு, இன்னொரு ஆளு வெளிய இருந்து தாண்டி வரட்டும். அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் கட்டு. உன் வலியெல்லாம் அந்த ஆளுக்குப் போகும். ஆனா அந்த ஆளு கையாலதான் இந்த உலக்கை தினமும் குத்தணும், சும்மா கிடந்தா கட்டு அவுந்துரும். இன்னொண்ணு, மறந்துராத. நீ இதத் தாண்டிராத. அந்த ஆளு நிக்க, நீ தாண்டினா, கட்டு அப்படியே திரும்பிரும். உன் வலி உனக்கே, அந்த ஆளு வலியும் உனக்கே."

இதெல்லாம் சொல்லும்போது கெமே அங்கதான் நின்னா, உலக்கையத் தூக்கிட்டுப் போக வந்தவ. அடிமைக்குக் காது இருக்கும்னு ரெண்டு பேருக்கும் தோணல.

வீட்டுக்கு வந்ததும் லூபாத்து உலக்கைய வாசல்ல போட்டுட்டு, "ஏ கெமே, தாண்டு"ன்னான்.

"எசமான், எனக்கு ஒரு புள்ள இருக்கு. நான் செத்துட்டா அவளுக்கு ஆரு?"

"நீ தாண்டு. உன் மகள அடிமையா வைக்க மாட்டேன். வளந்ததும் விட்டுருதேன். ஆத்து மேல சத்தியம்."

பெத்தவளுக்கு வேற என்ன வேணும் சொல்லு. தாண்டிட்டா. தாண்டின அடுத்த நிமிசம் அவளுக்குக் கடவாப்பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அங்க லூபாத்து தாடையத் தடவிப் பாத்துட்டுச் சிரிக்கான். "எசமான், தாங்க முடியல, ஒரே ஒரு தடவ திரும்பப் போயிட்டு வாரேன்"னு இவ கெஞ்சுதா. அவன் சொன்னான், "தாண்டினா தாண்டினதுதான்." சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டான்.

அதுலருந்து பாத்துக்கோ. அவன் குடிப்பான், இவளுக்குத் தலை பொளக்கும். அவன் கழுதைமேல இருந்து விழுந்தான், எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டுப் போனான். இங்க களத்துல இவ கால் எலும்பு மடக்குன்னு முறிஞ்சுது. அந்தக் காலு கோணலாத்தான் கூடுச்சு. நொண்டிக்கிட்டே குத்தினா. நினிதான் பாவம், பக்கத்துல உக்காந்து, "அம்மா, உன்ன ஆரும்மா அடிக்கா, ஆளையே காணும்"னு கேக்கும்.

வலி இல்லாதவனுக்குப் பயமும் விட்டுப்போச்சு. குயவன் அடாப்புன்னு ஒருத்தன், நல்ல மனுசன், ஆத்தங்கரையில அவனுக்கு ஒரு களிமண் நிலம். அத லூபாத்து என்னுதுன்னு பிடுங்கிக்கிட்டான். அடாப்பு வழக்குக்குப் போனான்.

அந்த ஊர்ல வழக்குன்னா தீர்ப்பு சொல்லுறது ஆறு. ஆத்துக்கு ஆண்டான் அடிமை தெரியாதுன்னு பேரு. வழக்கு போட்டவன் கரையில குறுக்க ஒரு உலக்கையப் போடுவான், மத்தவன் அதத் தாண்டி ஆத்துல இறங்கணும். தாண்டிட்டா அவன் ஆத்தோட ஆளு, முங்காம திரும்பக்கூடாது. ஆத்தங்காவல்காரன் போதும்னு சொல்லுற வரைக்கும் தண்ணிக்குள்ள கிடக்கணும். உசுரோட வந்தா அவன் சொன்னது நெசம், வழக்கு போட்டவன் பொய்க்காரன், அவனத் தூக்கி ஆத்துல வீசிருவாங்க.

லூபாத்து சிரிச்சுக்கிட்டே தாண்டினான், சிரிச்சுக்கிட்டே முங்கினான். இங்க களத்துல, வெயில்ல, காஞ்ச தரையில, கெமே மூச்சு முட்டிக் கிடந்து உருளுதா. வாயில மூக்குல ஆத்துத் தண்ணி வருது, சேறு வருது. நினி ஓடியாந்து முதுகுல அடிக்கா. அங்க லூபாத்து தலையத் துவட்டிக்கிட்டு மேல வாரான். ஊரு, "ஆறு இவன் பக்கம்"னு கும்பிடுது.

அடாப்பத் தூக்கி வீசினாங்க. அவனுக்கு நீச்சல் வராது, கைய கைய நீட்டுதான். பொண்டாட்டி கத்துதா. ஆத்தங்காவல்காரனுக்கே மனசு கேக்கல, ஒரு கம்ப எடுத்து நீட்டப் போனான். லூபாத்து அவன் கையப் பிடிச்சுக்கிட்டு, "ஆத்துத் தீர்ப்புல மனுசன் கை வைக்கக்கூடாது"ன்னான். அடாப்பு போயிட்டான்.

ஏலே, ஏன் முகத்த மூடுத? கேளு. கேக்கத்தான் வேணும்.

அடுத்த வருசம் ஒரு செம்படவன், லூபாத்துகிட்ட வலையப் பறிகொடுத்துட்டு வழக்குக்குப் போனவன். அதே மாதிரி, கெமே வாயில தண்ணி, அவன் ஆத்துல போனான். ரெண்டு உசுரு. கெமேக்கு ராத்திரி தூக்கம் இல்ல. நான் தாங்கினதுனாலதானே அவன் பிழைச்சான், அவன் பிழைச்சதுனாலதானே இவுக செத்தாகன்னு உள்ளுக்குள்ள அறுத்துக்கிட்டே இருந்துச்சு. ஆனா சாகவும் முடியாது. புள்ள இருக்குல்லா.

இப்படியே போயி, நினி வளந்து ஆளாயிட்டா. கெமே இருமி இருமி எலும்பா ஆயிட்டா. ஒருநாளு லூபாத்து நினியக் கூப்பிட்டு மேலயும் கீழயும் பாத்தான். பாத்துட்டு கெமேகிட்டச் சொல்லுதான், "உன் உடம்பு இனிமே தாங்காது. அறுப்பு முடிஞ்சதும் உன் மக தாண்டட்டும்."

"எசமான், அவள விட்டுருதேன்னு சொன்னிய. ஆத்து மேல சத்தியம் பண்ணினிய."

"நான் எப்ப சொன்னேன்? ஆரு கேட்டா?"

கெமே திரும்பி நடந்தா. களத்துக்குப் போனா. அந்தக் கறுப்பு உலக்கையக் கையில எடுத்தா. எத்தன வருசம் குத்தினது, கறுப்பெல்லாம் தேஞ்சு, மாவு ஏறி, வெளுத்துக் கிடந்துச்சு. பூண மட்டும் கழட்டிட்டா அது ஊர்ல இருக்கிற எல்லா உலக்கையும் மாதிரிதான். கழட்டினா. வேற ஒரு உலக்கைய அடுப்புக் கரியில தேச்சு, பூண அதுல மாட்டி, களத்துச் சுவத்துல சாத்தி வச்சா. லூபாத்துதான் களத்துப் பக்கமே வர மாட்டானே, எங்க காலு பட்டுருமோன்னு. அவன் அந்த உலக்கையப் பாத்து வருசமாச்சு.

மறுநாள் கெமே நொண்டிக்கிட்டே போயி வழக்கு போட்டா. "என் மகள விடுதேன்னு எசமான் சத்தியம் பண்ணினாரு. இப்ப இல்லைங்காரு. ஆறு சொல்லட்டும்."

ஊரே சிரிச்சுது. அடாப்பு பொண்டாட்டி மட்டும் ஓடியாந்து இவ கையப் பிடிச்சுக்கிட்டு, "வேண்டாம் தாயி, அவன ஆறு ஒண்ணும் செய்யாது, உன்னையும் வீசிருவாங்க"ன்னா. கெமே அவ முகத்தப் பாக்க முடியாம தலையக் குனிஞ்சுக்கிட்டா.

லூபாத்துக்குச் சிரிப்பு அடங்கல. அவன் முங்கினா கரையில நிக்கிற இவதானே சாவா. இப்படியும் ஒரு முட்டாளு இருப்பாளான்னு நெனச்சான். இருந்தாலும் திருட்டுப் பயலுக்கு ஒரு சந்தேகம். வேலைக்காரனக் கூப்பிட்டு, "களத்துல பூண் போட்ட கறுப்பு உலக்கை இருக்கான்னு பாத்துட்டு வா"ன்னான். அவன் போய்ப் பாத்துட்டு வந்து, "இருக்கு எசமான், சுவத்துல சாத்தியிருக்கு"ன்னான். போதுமா. புது வேட்டியக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான்.

கரையில கூட்டம். கெமே வெளுத்த உலக்கை ஒண்ணக் குறுக்க போட்டுட்டு, நினி கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கிழவி சொன்னது பொய்யாப் போச்சுன்னா இவளும் போனா, மகளும் போனா.

லூபாத்து வந்தான். கூட்டத்தப் பாத்துக் கும்பிட்டான். காலத் தூக்கித் தாண்டினான்.

தாண்டின காலு தரையில பட்டதும் மடக்குன்னு முறிஞ்சுது. ஐயோன்னு விழுந்தான். பல்லு தெறிக்குது, தலை பொளக்குது, நெஞ்சுக்குள்ள சேத்துத் தண்ணி கொதிக்குது. எத்தன வருசத்து வலி! இந்தப் பக்கம் கெமே நேரா நிக்கா. நொண்டுத காலு நொண்டல. நெஞ்சு நெறைய ஒரு மூச்சு இழுத்தா.

இதுதான் அந்தக் கறுப்பு உலக்கைன்னு அவனுக்கு அப்பத்தான் விளங்குச்சு. திரும்பி ஊந்து வாரான், உலக்கையத் தாண்டி இந்தப் பக்கம் வந்துரலாம்னு. கெமே குனிஞ்சு உலக்கைய எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டா.

"கெமே, போடு. அத மறுபடி கீழ போடு. உன் மகள இப்பவே விட்டுருதேன். உன்னையும் விட்டுருதேன். நிலம் தாரேன், வீடு தாரேன்."

"அன்னைக்கு நான் கேட்டேனே எசமான். ஒரே ஒரு தடவ திரும்பப் போயிட்டு வாரேன்னு கேட்டேனே. தாண்டினா தாண்டினதுதான்னு சொன்னிய."

ஆத்தங்காவல்காரன் வந்து, "உலக்கையத் தாண்டினவன் முங்காம திரும்பக்கூடாது"ன்னு சொல்லி, அவனத் தூக்கிட்டுப் போய் ஆத்துல இறக்கினான். முறிஞ்ச காலு, நீந்த முடியுமா? கைய நீட்டுதான். "கம்ப நீட்டு, கம்ப நீட்டு"ங்கான். கம்பு காவல்காரன் கையிலதான் இருக்கு. அவன் அந்தக் கம்பத் தரையில வச்சுட்டான்.

"ஆத்துத் தீர்ப்புல மனுசன் கை வைக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய"ன்னான்.

ரெண்டு தடவ தலை தெரிஞ்சுது. அப்புறம் தெரியல.

அவன் போன அந்த நொடியே கெமே காலு மறுபடி கோணிக்கிச்சு. இருமல் வந்துச்சு. சுமந்தவன் போயிட்டான்லா, அவளோடது அவகிட்டயே வந்துட்டுது. அது வரும்னு அவளுக்குத் தெரியும். ஆறு தீர்ப்பு சொல்லிட்டுது, நினி விடுதலை, அது போதும் அவளுக்கு.

ஆனா அதோட விடல அவ. நொண்டிக்கிட்டே அடாப்பு பொண்டாட்டிகிட்டப் போயி, நடந்தது பூராவும் சொன்னா. "உன் புருசன் பொய்க்காரன் இல்ல. லூபாத்து முங்கும்போதெல்லாம் மூச்சு முட்டினது எனக்கு"ன்னா. அடாப்பு பொண்டாட்டி ஆத்தத் திரும்பிப் பாத்தா. அப்புறம், "என் மனுசன் வரப் போறதில்லையே தாயி"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா. அதுக்கப்புறம் அவ கெமேகிட்டப் பேசவே இல்லையாம். சாகுற வரைக்கும் பேசல.

அந்த உலக்கைய என்ன செஞ்சாங்களா? எரிச்சா எரியல, ஆத்துல போட்டா கரைக்கே வந்துட்டு. கடைசியில கெமே அத ஒரு மூலையில நட்டமா நிறுத்தி வச்சா. நிக்கிறத ஆரும் தாண்ட முடியாதுல்லா.

அடுத்தவன் தலையில தன் வலிய ஏத்தினவன், கடைசியில ரெண்டு பேர் வலியையும் சுமந்துக்கிட்டு முங்கினான். அவ்வளவுதான். ஆத்துல போனவன் ஆத்தோட, அடுப்பங்கரையில இருக்கிற நாம சோத்தோட.

எந்திரி செம்பா. போயி அந்த உலக்கைய எடுத்துச் சுவத்துல சாத்தி வச்சுட்டு வந்து படு. தாண்டாத, சுத்திப் போ.