பேர் சொல்லாத விருந்தாளி

முழிச்சிருக்கியா கண்ணு? அப்போ "ம்" போடு.

ஒரு ஊர்ல ஒரு பரிசல்காரி. பேரு பாவாயி. ஆத்தங்கரையில குட்டி ஊரு. சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போற விருந்தாளின்னா அவளுக்கு ஆகாது. ஏன்னு வரிசை மாத்தாம சொல்றேன்.

முதல்ல ஒருத்தன் வந்தான். மீன் தின்னான், "அடடா, என்ன மணல்!"னு சொல்லிட்டுப் போயிட்டான். அப்புறம் லாரி வந்துச்சு, கடகடகட, மணல் போச்சு. ரெண்டாவது ஒருத்தன் படித்துறையில உக்காந்து காலை நனைச்சான். அப்புறம் படித்துறைக்குக் கம்பிவேலி வந்துச்சு. மூணாவது ஒருத்தன் மருதமரத்தைப் போட்டோ புடிச்சான். அப்புறம் ரம்பம் வந்துச்சு, கர்ர்ர், சடார்! ம் போடு.

தாலுகா ஆபீசுக்குப் போனா, "யார் மேல புகார்? பேரு என்ன?" தெரியாதே! பரிசல் ஏறுறவங்க கரைக்குக் கேக்கற மாதிரி பேரைக் கத்திட்டுத்தான் ஏறணும். வெள்ளத்துல போயிட்டா யாருன்னு தெரியணுமில்ல? ஆனா விருந்தாளிகிட்ட பேரு கேக்கறது மரியாதை இல்லைன்னு விட்டுட்டாங்க. மரியாதை! அதுலதான் ஏமாந்தாங்க.

அப்போ நாலாவது ஒருத்தன் வந்தான். சனிக்கிழமை பணியாரம் தின்னான். ஞாயித்துக்கிழமை பரிசல்துறையில டேப்பை இழுத்து அளந்தான், சர்ர்ர். துறை போச்சுன்னா ஊருக்கு அக்கரை போக வேற வழியே இல்ல.

சாயங்காலம் கிளம்ப வந்தான். கடைசி பஸ் அக்கரையில நிக்குது.

"ஏனுங்க, பேரு?"

"நான் விருந்தாளிம்மா."

"பேரு?"

"நான் யார் தெரியுமா?"

"அதைத்தானுங்க கேக்கறேன்."

கரையில எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. மூணாவது தடவை, "குப்புசாமி!"ன்னு கத்தினான். சரின்னு ஏத்திக்கிட்டா.

அப்புறம் நடு ஆத்துல, அவன் முதுகுக்குப் பின்னால இருந்து பாவாயி கூப்பிட்டா, "குப்புசாமியண்ணா!" திரும்பல. "குப்புசாமியண்ணோவ்!" ம்ஹூம். சொந்தப் பேருக்குத் திரும்பாதவன் உண்டா, நீயே சொல்லு?

பாவாயி துடுப்பை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. பரிசல் கிறுகிறுகிறுன்னு சுத்துது. "ஐயோ, துடுப்பைப் போடும்மா!" அக்கரையில பஸ், பாம் பாம்!

"நெசப் பேரு வரட்டுங்க, துடுப்பு தானா எறங்கும்."

அவன் அடையாள அட்டையை நீட்டினான். அவ வாங்கி, கரைக்குக் கேக்கற மாதிரி படிச்சா. ஊர்க்கரையில நின்ன டெய்லர் மருதாசலம் கரித்துண்டால தன் கடைச் சுவத்துல எழுதிக்கிட்டான்.

பரிசல் கரை சேந்துச்சு, கதையும் சேந்துச்சு. கண்ணை மூடு. மூடிக்கிட்டே கேளு.

திங்கக்கிழமை தாலுகா ஆபீஸ்ல, "யார் மேல புகார்?"னு கேட்டாங்க. ஊரே பின்னால சாட்சி நிக்க, பாவாயி கரைக்குக் கேக்கற மாதிரி கத்தினா:

"வெங்கடாசலம் மகன் செயக்குமரன்!"