எட்டுக் கிழங்கு வீடு

ஒரு காட்டில், குழந்தைகளே, நரியின் வளையில் வாடகைக்குக் குடியிருந்தாள் ஒரு முள்ளம்பன்றி. பெயர் முள்ளாயி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கிழங்கு வாடகை. வாங்கிக்கொண்ட மறுநாளே நரி வந்து, "சுவரைச் சுரண்டாதே! வாசலை அகலமாக்காதே!" என்று அதட்டிவிட்டுப் போகும். தன் முள்ளைத் தானே சிலிர்த்துக்கொள்ள இடமில்லாத வளை அது. முள்ளாயிக்கு அதுதான் பெரிய மனக்குறை.

ஆனால் அவள் வெறுங்கையோடு இல்லை. பாறை இடுக்கில் பன்னிரண்டு காட்டுவள்ளிக் கிழங்குகள் வைத்திருந்தாள். பல் ஆட்டம் கண்டு, இரை தேடி அலைய முடியாத வயதில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகச் சேர்த்தவை. பழசானதைத் தின்றுவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைப்பாள். பன்னிரண்டு ஒருநாளும் பதினொன்று ஆனதில்லை.

மழைக்காலம் நெருங்கியது. முள்ளாயி குட்டி போடும் நாளும் நெருங்கியது. நரி வந்து வாசலில் நின்றது.

"இனிமேல் வாடகை இரண்டு கிழங்கு. குட்டி பிறந்தால் தலைக்கு ஒன்று கூடுதல். முடியாதென்றால் காலி செய்!"

"மழை வருகிற நேரத்தில் நான் எங்கே போவேன்?"

"அது உன் பாடு."

முள்ளாயிக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் ரோஷம் வந்தது. நேராகக் கரடியிடம் போனாள். மண் தோண்டுவதில் கரடியை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை.

"கரடி அண்ணா, மேட்டுச் சரிவில் எனக்கொரு வளை தோண்டித் தாருங்கள். வெள்ளம் ஏறக் கூடாது. நான் முள்ளை விரித்தபடி திரும்ப வேண்டும்."

"கல்லும் மண்ணுமான இடம், தங்கச்சி. நகம் தேய்ந்துபோகும். பன்னிரண்டு கிழங்கு கொடு."

"எட்டு தருகிறேன். மீதி நாலு என் கடைசிக் காலத்துக்கு."

கரடி மூக்கைச் சொறிந்துகொண்டது. "சரி, எட்டு."

செய்தி நரியின் காதுக்கு எட்டியது. வாடகை கைநழுவுகிறதே என்று ஓடோடி வந்தது. இப்போது குரலில் ஒரே தேன்.

"அக்கா, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பல் போன காலத்துக்கு வைத்ததை இப்படி வாரிக் கொடுக்கலாமா? பசித்தால் வளையையா தின்பாய்? நாளைக்கு உனக்கு யார் தோண்டிப் போடுவார்கள்?"

நரி பொல்லாதது. ஆனால் கேள்வி நியாயமானது. முள்ளாயி யோசித்தபடியே நடந்தாள். பாறை இடுக்குக்குப் போய்ப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அடியில் கிடந்த பழைய கிழங்கின் தலைப்பக்கம் பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. எத்தனையோ முறை பார்த்த முளைதான். இன்றுதான் அவள் அதை உற்றுப் பார்த்தாள்.

மறுபடி கரடியிடம் ஓடினாள்.

"அண்ணா, எட்டுக் கிழங்கும் உங்களுக்குத்தான். தலைப்பக்கத்தை மட்டும் நான் கடித்து எடுத்துக்கொள்ளட்டுமா?"

"அந்த நார்த்துண்டா? பல்லில் சிக்கி உயிரை எடுக்கும். தாராளமாக எடுத்துக்கொள்!"

கரடி நான்கே நாளில் வளையைத் தோண்டி முடித்தது. தோண்டிய மண் வாசலருகே பொலபொலவென்று குவிந்து கிடந்தது. அந்தக் குவியலில் எட்டுத் தலைகளையும் வரிசையாகப் புதைத்தாள் முள்ளாயி.

"கிழங்கைக் கொடுத்துவிட்டுக் குப்பையைப் புதைக்கிறாள்!" என்று நரி விழுந்து விழுந்து சிரித்தது.

மழை கொட்டியது. புது வளைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அங்கே இரண்டு குட்டிகள் பிறந்தன. முள்ளாயி முள் அத்தனையும் விரித்து, ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தாள். எதுவும் எதிலும் இடிக்கவில்லை. பெருமை தாங்காமல் இன்னொரு சுற்றும் சுற்றினாள். வெளியே எட்டுக் கொடிகள் புதரில் ஏறிப் படர்ந்தன.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் கொடி காய்ந்ததும் கிழங்கெடுப்பாள், சதையைத் தின்பாள், தலையைத் திரும்ப நடுவாள். வருஷங்கள் ஓடின. முள்ளாயிக்குப் பல் ஆடியது, கால் தளர்ந்தது. அதனால் என்ன? வாசலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால், பொலபொலத்த மண்ணில் கிழங்கு வந்துவிடும்.

ஒருநாள் கிழட்டு நரி தள்ளாடி வந்தது. அதன் வளை வெள்ளத்தில் இடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வந்த வாடகையெல்லாம் அன்றன்றைக்கே வயிற்றுக்குள் போயிருந்தது.

"அக்கா, பசிக்கிறது."

முள்ளாயி முள்ளைச் சிலிர்த்தாள். "இது யார் வீடு?"

"உன் வீடு, அக்கா."

"காதில் விழவில்லை."

"உன் வீடுதான், அக்கா! உன் சொந்த வீடு!"

முள்ளாயிக்கு உள்ளம் குளிர்ந்தது. பெரிய கிழங்காகப் பார்த்து ஒன்றை நரியின் முன் உருட்டிவிட்டாள்.

"வயிறாரத் தின்னு. தலையை மட்டும் வைத்துவிட்டுப் போ."

நீதி: முதுமைக்குச் சேர்த்ததைக் கொண்டு வீடு கட்டலாம், மறுபடி முளைக்கும் பங்கை மட்டும் விட்டுவிடக் கூடாது.