எட்டாவது வட்டம்

ஆற்றை ஒட்டிய மலையில் ஒரு பள்ளி இருந்தது. அரசுத் தேர்வுக்காக நாற்பது மாணவர்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்களுடைய விடுதியைப் பார்த்துக்கொண்டவள் மேயூன்.

யார் தூங்கவில்லை என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் போர்வைகளை மடிக்கும்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு விளக்கிலும் எண்ணெய் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் பார்ப்பாள். பார்த்துவிட்டு நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

மலையின் மறுபக்கத்தில் குரு சூலியன் இருந்தாள். மேயூனைவிடப் பதினைந்து வயது இளையவள். அவளிடம்தான் மேயூன் உடலைத் தளர்த்தும் எட்டு அசைவுகளைக் கற்றாள். கைகளை வானத்துக்கு உயர்த்துவது, வில்லை இழுப்பதுபோல் தோள்களை விரிப்பது, மெல்லத் திரும்பிப் பின்னால் பார்ப்பது என்று எட்டு. கடைசி அசைவில் குதிகால்களை உயர்த்தி ஏழு முறை தரையில் விட வேண்டும். வயலுக்குப் போகிற கிழவர்களும் சுலபமாகச் செய்வார்கள்.

அந்தக் கோடையில் மாணவர்களின் தூக்கம் கெட்டது. மை அரைக்கும் ஒரு கல்லுக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். மேயூன் குருவிடம் அனுமதி வாங்கி, விடிந்ததும் முற்றத்தில் அவர்களுக்கு எட்டு அசைவுகளையும் சொல்லிக்கொடுத்தாள்.

பத்தே நாளில் விளக்குகளில் எண்ணெய் மிஞ்சியது. சாப்பாட்டுக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இருபதாம் நாள் எண்ணெய் மறுபடியும் இறங்கியது.

அன்று தாவ்சென் என்ற மாணவன் கஞ்சிக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து அழுதான்.

"என்னப்பா?" என்றாள் மேயூன்.

"நான்கு நாளாகத் தூக்கமே இல்லை, அத்தை. படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. நாளை மறுநாள் மதியப் படகில் ஊருக்குப் போகிறேன்."

"தேர்வுக்கு இன்னும் இருபது நாள்தானே? இதை விட்டால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமே!"

"காத்திருக்கிறேன்."

"போகட்டும் அத்தை," என்றான் அவனுடைய அறைத்தோழன் பான். "இவன் போனால் நானாவது தூங்குவேன். ராத்திரி முழுக்கத் தொப்பு தொப்பென்று குதிக்கிறான்."

"குதிக்கவில்லை. குதிகாலை இறக்கிப் பழகுகிறேன்."

"என் தலைமாட்டில் இறக்காதே என்றுதான் சொல்கிறேன்."

மேயூன் அடுப்பைக்கூட அணைக்காமல் மலை ஏறினாள். பாதி வழியில் அது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் அணைத்துவிட்டு மறுபடியும் ஏறினாள்.

குரு சூலியன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"குருவே, முதலில் தூங்கினார்கள். இப்போது தூங்கவில்லை. தாவ்சென் என்கிற பையன் நாளை மறுநாள் படகில் ஊருக்கே போகிறேன் என்கிறான். அசைவுகளில் ஒரு குறையும் இல்லை. ஆரம்பத்தைவிட நன்றாகவே செய்கிறார்கள்."

"எப்படித் தெரியும்?"

"கூடத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தேர்வாளர்கள் நல்ல வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுவார்கள் இல்லையா? அதே மாதிரி, நன்றாகச் செய்த அசைவுக்கு ஒரு வட்டம். பையன்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது."

"தாவ்செனுக்கு எத்தனை?"

"ஏழு! எட்டாவதில்தான் இரண்டு குதிகாலும் ஒன்றாக இறங்க மாட்டேன் என்கிறது. அதுவும் வந்துவிட்டால் அவன்தான் முதல்."

குரு ஒரு பூச்சி அரித்த இலையை ஒதுக்கினாள்.

"குருவே, ஒன்று கேட்கிறேன். ஒன்பதாவது அசைவு ஏதாவது இருக்கிறதா? தூக்கத்துக்கென்று?"

"இருக்கிறது."

மேயூனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூன்று வருடமாக எனக்குச் சொல்லவே இல்லையே!"

"நீங்கள் கேட்கவில்லையே, அக்கா."

"ரொம்பக் கடினமா?"

"எனக்கே சில நாள் வரும். சில நாள் வராது."

"வந்து அவர்களுக்குக் காட்டுவீர்களா?"

"நாளை மறுநாள் காலையில் வருகிறேன்."

"அன்றைக்குத்தான் படகு!"

"படகு மதியம்தானே?" என்றாள் குரு. "இந்தக் கீரையில் பாதியைக் கொண்டுபோங்கள்."

செய்தி பள்ளி முழுவதும் பரவியது. ஒன்பதாவது அசைவை ஒற்றைக் காலில் நின்றுதான் செய்ய வேண்டும் என்றான் ஒருவன். மூச்சை அடக்கியபடி நூறு எண்ண வேண்டும் என்றான் இன்னொருவன். பான் நூற்று இருபது வரை எண்ணிப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து உட்கார்ந்தான். தாவ்சென் துணி மூட்டையைக் கட்டி வைத்தான். ஆனால் குரு வருகிற நாளன்று விடிந்ததும் முதல் ஆளாக முற்றத்துக்கு வந்து நின்றான்.

குரு வந்தாள். மாணவர்கள் வரிசையாக நின்றார்கள்.

"சிவப்பு மை யாரிடம் இருக்கிறது?"

மேயூன் மையையும் தூரிகையையும் நீட்டினாள். குரு அவற்றை வாங்கித் தாவ்சென் கையில் கொடுத்தாள்.

"நான் செய்கிறேன். நீ வட்டம் போடு. பயப்படாதே, பார்த்ததைப் போடு."

குரு கைகளை உயர்த்தினாள். வில்லை இழுத்தாள். மூன்றாவது அசைவின் நடுவில் ஒரு கொட்டாவி வந்தது. விட்டாள். நான்காவதில் திரும்பிப் பின்னால் பார்த்தவள், துணிக்கொடியில் ஒரு காகத்தைப் பார்த்தாள். அது பறக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆறாவதைச் செய்தாள்.

"ஐந்தாவதை விட்டுவிட்டார்," என்று பான் கிசுகிசுத்தான்.

எட்டாவதில் குதிகால்களை உயர்த்தினாள். மூன்றாம் முறை தடுமாறி மேயூனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே மீதி நான்கையும் முடித்தாள்.



"எத்தனை?" என்றாள் குரு.

தாவ்சென் தாளைப் பார்த்தான். மேயூனைப் பார்த்தான். "மூன்று," என்றான் மெதுவாக.

"மூன்றா! பரவாயில்லையே. காகத்துக்கும் ஒன்று போட்டிருப்பாய் என்று நினைத்தேன்."

பான்தான் முதலில் சிரித்தான். பிறகு முற்றம் முழுவதும் சிரித்தது. தாவ்சென் உதட்டைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை.

"எங்களுக்கு ஒன்பதாவது?" என்று ஒருவன் கத்தினான்.

"முதலில் கஞ்சி."

குரு கீரை போட்டு இரண்டு கிண்ணம் குடித்தாள். வெயில் விழுந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, தூணில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

மாணவர்கள் காத்திருந்தார்கள். பாட மணி அடித்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தாவ்சென் மட்டும் போகவில்லை. படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒன்பதாவதைப் பார்க்காமல் போக அவனுக்கு மனமில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

மேயூன் பாத்திரங்களைக் கழுவினாள். குருவை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. கழுவிய கிண்ணத்தையே மறுபடியும் கழுவினாள்.

வெளியே வந்தபோது குரு விழித்திருந்தாள். அசையாமல் உட்கார்ந்து வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

தாவ்சென் மூட்டையின் மேல் கவிழ்ந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. தூரிகை இன்னும் அவன் கையிலேயே இருந்தது. கன்னத்தில் சிவப்பு மை ஒட்டியிருந்தது.

மேயூன் குருவின் அருகில் குனிந்தாள். "காலையில் வேண்டுமென்றேதான் தப்பாகச் செய்தீர்களா?"

"ஐந்தாவதை மட்டும்தான். மற்றதெல்லாம் தானாக வந்தது."

கீழே படித்துறையில் படகின் மணி ஒலித்தது. மேயூன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவனை எழுப்பினால் போய்விடுவான். எழுப்பாவிட்டால் திட்டுவான். மணி இரண்டாம் முறை ஒலித்தது. தாவ்சென் ஒரு பெருமூச்சு விட்டுக் காலை நீட்டினான்.

படகு ஆற்றின் நடுவுக்குப் போய்ச் சிறியதானது. மேயூன் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

"கழுத்து மடங்கிக் கிடக்கிறது, குருவே. இப்படித் தூங்கலாமா? வலி பிடித்துக்கொள்ளும். தலையைக் கொஞ்சம் நேராக்கி வைக்கட்டுமா?"

அவள் கை அதற்குள் நீண்டுவிட்டது.

"இதற்கும் வட்டம் போடப் போகிறீர்களா, அக்கா?" என்றாள் குரு.

நீண்ட கை அப்படியே நின்றது.