தண்ணீர் விடாத நாட்கள்

தாணு பிள்ளை செடியைத் துணிப்பையில் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி, பஸ்ஸில் நின்றுகொண்டே குலசேகரம் வந்து சேர்ந்தார். உட்கார இடமிருந்தது. உட்கார்ந்தால் இலை மடங்கிவிடுமோ என்று பயம்.

ஏசுவடியாள் வீடு எது என்று கேட்டபோது, தையல்காரி வீடா ஆர்க்கிட்காரி வீடா என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டும் ஒருத்திதான். நாற்பது வயதிருக்கும். முன்கூரைக்குக் கீழே தையல் மிஷின். அதைச் சுற்றிச் சுவரிலும் பாக்கு மரங்களிலும் உரித்த தேங்காய்த் தொண்டுகளிலும் தொற்றிக்கொண்டிருந்தவை அத்தனையும் ஆர்க்கிட்.

தாணு பிள்ளைக்கு அறுபத்து மூன்று.

"மக்ளே, இத ஒண்ணு பாக்கணும்."

அவள் மிஷினை நிறுத்தாமலே செடியைப் பார்த்தாள்.

"தண்ணி எப்படி ஊத்துவீங்க?"

"காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க. ஒரு நாள் தப்பினதில்ல."

"இல தொவண்டப்போ?"

"மூணு வேளையாக்கினேன்."

மிஷின் நின்றது.

அவள் செடியைச் சட்டியிலிருந்து உருவினாள். வேர்களைப் பிடித்து மெல்ல இழுத்ததும் தோல் வழுக்கிக் கையோடு வந்தது. உள்ளே நூல் போல ஒரு நார்தான் மிச்சம். துணி வெட்டும் கத்திரியைத் தீயில் காட்டி, ஒவ்வொன்றாக நறுக்கினாள். தாணு பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது மூன்று வேர்கள் இருந்தன.

"தாகத்துலதான் வாடுதுன்னு நெனச்சேன்."

"தாகந்தான். குடிக்கதுக்கு வாய் இல்ல. வேரு அழுகிட்டு."

செடி அவருடையதில்லை. மகள் அபிராமியுடையது. நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போகும்போது, வெள்ளையில் நடுவே ரோஸ் நிறம் ஓடிய பத்துப் பூவோடு அதை அவர் கையில் கொடுத்து, "நான் லீவுல வாரது வரைக்கும் பாத்துக்கிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளாகக் கேட்டு அவர் பொறுப்பில் விட்டுப்போன பொருள் அது ஒன்றுதான்.

தாணு பிள்ளை கால்வாயில் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கராக முப்பத்தோரு வருஷம் இருந்தவர். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத கோடைகளில், நாற்று காய்ந்தவர்கள் தன் வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பார்த்தவர். வாடின இலையைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா நிற்க முடியாது.

ஏசுவடியாள் அந்த மூன்று வேர்ச் செடியைத் தேங்காய்த் தொண்டில் வைத்து, தையல் நூலால் கட்டிக் கொடுத்தாள்.

"வேர் வெளுத்திருந்தா முக்கி எடுங்க. பச்சையா இருந்தா குடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்போ சும்மா இருக்கணும்."

"சும்மான்னா?"

"சும்மா."

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாளே தாணு பிள்ளைக்குக் கை பரபரத்தது. வேர் பச்சையாகவே இருந்தது. குவளையை எடுப்பார், ஜன்னல் வரை போவார், திரும்பி வருவார். மனைவி பகவதி அடுக்களையிலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"அந்தத் தையக்காரிக்குச் சீடப்பிள்ளையா சேந்தாச்சுல்லா? குவளையக் கீழ வையும். அணைத் தண்ணியக் கட்டி ஆண்ட மனுஷன், ஒரு செடிய முக்கிக் கொன்னாருன்னு ஊர்ல சொல்லப்பிடாது."

அடுத்த வாரம் மறுபடி பஸ் ஏறினார்.

"மக்ளே, சும்மா இருக்கது எப்படி?"

அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஷட்டர் அடச்ச நாள்ல நீங்க என்ன செய்வீங்க?"

"கரையில நடப்பேன்."

"எவ்ளோ தூரம்?"

"போக எட்டுக் கிலோமீட்டர். வர எட்டு."

"எதுக்கு? அதான் தண்ணி இல்லியே."

"தண்ணி இல்லாதப்பத்தான் கர தெரியும். எங்க விரிசல், எங்க நண்டு வளை, எங்க வேர் ஏறிக் கெடக்கு, எல்லாம் அப்பந்தான் பாக்க முடியும். தண்ணி ஓடும்போது என்ன தெரியும்?"

அவள் தலையை ஆட்டினாள். மறுபடி மிஷினை மிதித்தாள்.

அதற்குப் பிறகு தாணு பிள்ளை ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். வேர் வெளுப்பது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் தேங்காய்த் தொண்டில் ஒட்டாமல் நிற்கும் இடம் மங்கும். பிறகு வளைவு. மழை நாளில் ஐந்து நாளானாலும் பச்சை போகாது. வடகாற்று அடித்தால் மறுநாளே சாம்பல் பூத்துவிடும். ஆவணி கடைசியில் நாலாவதாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பகவதி தானாகவே பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் அபிராமியின் போன் வந்தது. கார்த்திகையில் வருகிறாளாம்.

அன்றே தாணு பிள்ளை குலசேகரம் போனார். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை.

"என்ன அண்ணாச்சி, செடிக்கு ஏதாவதா?"

"செடி நல்லாருக்கு. நாந்தான் நல்லால்ல." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பூ கொட்டினத மகள்ட்ட நான் சொல்லல மக்ளே. அவ பூ எப்படி இருக்குன்னு கேக்கும்போதெல்லாம் பழைய போட்டோவ அனுப்பிட்டேன். மொதல் வாரத்துல ஒரே நாள்ல முப்பது போட்டோ எடுத்து வச்சிருந்தேன். ஒவ்வொண்ணா அனுப்பி ஆறு மாசம் ஓட்டியாச்சு."

ஏசுவடியாள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இப்போ?"

"அதே நெறத்துல பூத்த செடி ஒண்ணு தந்தா, தொண்டுல மாத்திக் கட்டிருவேன்."

அவள் கத்திரியால் சுவரைக் காட்டினாள்.

"உள்ளதெல்லாம் அங்கதான் இருக்கு. வேண்டியத எடுத்துக்கிடுங்க. எனக்கு இந்தப் பாவாடைய முடிக்கணும்."

தாணு பிள்ளை சுவரோரம் நடந்தார். பிறகு பாக்கு மரங்களுக்குள் போனார். அரைமணி கழித்து ஒரு செடியோடு திரும்பி வந்தார். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தடித்த இலை நாலு. நுனி பச்சையாக, வெள்ளி போல ஏழெட்டு வேர்.

"இதுல பூ இல்லியே அண்ணாச்சி."

அவர் அப்போதுதான் பார்த்தார்.

"இல்ல."

"நீங்க கேட்ட வெள்ளைப் பூ அந்தத் தூண்ல தொங்குது. பாக்கலியா?"

"பாத்தேன். பூ பிரமாதம். அடியில ரெண்டே வேரு, அதுவும் கறுத்தாச்சு. ஒரு மாசத்துல படுத்துரும்."

"ஆமா. போன வாரம் ஒருத்தர் கொண்டுவந்து போட்டுட்டுப் போனது. மகளுக்கு எத்தன நாள் லீவு?"

"இருபத்தெட்டு."

"அப்போ அது போதுமே. எடுத்துக்கிடுங்க."

தாணு பிள்ளை தூணைப் பார்த்தார். பூ காற்றில் லேசாக ஆடியது. கையிலிருந்த செடியைக் கொண்டுபோய், எங்கிருந்து எடுத்தாரோ அதே ஆணியில் மாட்டினார். வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் ஜன்னலருகே போய், தொண்டில் இருந்த செடியை இருந்தபடியே ஒரு போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஐந்து நிமிஷத்தில் அது அடித்தது.

"அப்பா, இது எந்தச் செடி?"

"உன் செடிதான் மக்ளே." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பூவெல்லாம் மே மாசமே கொட்டிட்டு. வேரு அழுகி, நாந்தான் தண்ணிய ஊத்தி ஊத்தி... முன்ன அனுப்பினதெல்லாம் பழைய போட்டோ."

"தெரியும்."

"எப்படி?"

"எல்லாத்துலயும் பின்னால காலண்டர் தெரியுது. ஆறு மாசமா நம்ம வீட்ல மார்ச் பதினெட்டு!"

அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். காலண்டர் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"பின்ன ஏன் கேக்கல்ல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னுதான்."

பகவதி அடுக்களையில் பாத்திரத்தை வேண்டுமென்றே மெல்ல வைத்தாள்.

"அப்பா, அந்த ரெண்டாவது இலைக்கு அடியில பச்சையா ஏதோ நீட்டுதே, அது என்ன?"

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தார். இலையும் தண்டும் சேரும் இடத்தில், கோதுமை மணி அளவில் ஒரு முளை. காலையில் பார்த்தபோது கண்ணில் படவில்லை.

"வேரா, பூக்காம்பா?" என்றாள் அபிராமி. "நான் வாரதுக்குள்ள தெரியுமா?"

"இரு, நாளைக்குக் கேட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் காலை ஏசுவடியாள் மிஷினில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுச் செடியை வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முளையை ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் பார்த்தாள்.

"இப்போ சொல்ல முடியாது அண்ணாச்சி. மொதல்ல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"உனக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியாது."

"எவ்ளோ நாளாகும்?"

"பத்து நாளாகலாம். இருபதும் ஆகலாம்."

தாணு பிள்ளை செடியை வாங்கிக்கொண்டார். போகாமல் நின்றார்.

"இல்ல மக்ளே, முன்கூட்டித் தெரிஞ்சா நல்லதுல்லா? பூன்னா தண்ணி எப்படி விடணும், வேருன்னா எப்படி விடணும்?"

அவள் நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, ஊசிக் காதில் கோத்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான், அண்ணாச்சி."